கடை வாங்கக் கிளம்புமுன் கணக்குப் போடுங்கள்

‘நன்றாக நடக்கிற பேக்கரி, குடும்பச் சூழ்நிலையால் கைமாற்றப்படுகிறது.’ ‘ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டல் விற்பனைக்கு.’ நாளிதழ் வரி விளம்பரங்களிலும் கைப்பேசியிலும் இப்படிப்பட்ட அறிவிப்புகள் தினமும் கண்ணில் படுகின்றன. வளைகுடாவிலிருந்து திரும்பியவர், விருப்ப ஓய்வுப் பணம் கைக்கு வந்தவர், மாதச் சம்பள வேலை போதும் என்று முடிவெடுத்தவர் எனப் பலரும், புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட நடக்கிற தொழிலை வாங்குவது மேல் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் தவறில்லை. வாடிக்கையாளர், வேலையாள், அடுப்பு, சரக்கு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. முதல் நாளே கல்லாவில் பணம் விழும்.

சறுக்கல் பணம் திரட்டும் இடத்தில் நேர்கிறது. ‘என்ன விலை?’ என்று கேட்டுக்கொண்டு, சொன்ன தொகையைப் புரட்ட அலைகிறார்கள். நகை அடகுக்குப் போகிறது, வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது, மைத்துனரிடம் கைமாற்று வாங்குகிறார்கள். விலையைக் கொடுத்து முடித்த மறுநாள் மைதா வாங்கக் கையில் காசில்லை. நல்ல கடையே ஆனாலும் மூன்றே மாதத்தில் முழி பிதுங்குகிறது.

நடக்கிற சிறு தொழிலை வாங்க நினைப்பவருக்கு அடிப்படை விதி ஒன்று உண்டு. உங்களால் திரட்ட முடிந்த மொத்தப் பணத்தில் ஏறக்குறைய பாதிதான் விலையாகக் கொடுக்கத் தகுந்தது. மீதிப் பாதி, கடையைக் கைமாற்றவும் நடத்தவும் தாக்குப்பிடிக்கவும் வேண்டும். இந்தக் கணக்கு எப்படி வருகிறது, கூடவே வரும் ஆபத்துகள் எவை, சட்டம் உங்களுக்கு என்ன உரிமை தருகிறது என்று பார்ப்போம்.

தேடுவதற்கு ஒரு பணம், வாங்குவதற்கு ஒரு பணம்

அமெரிக்காவில் 1984-லிருந்து ‘சர்ச் ஃபண்ட்’ என்றொரு முறை இருக்கிறது. வாங்குவதற்கு ஏற்ற நிறுவனத்தைத் தேடும் இளைஞர், முதலீட்டாளர்கள் சிலரிடம் பணத்தை இரண்டு கட்டமாகத் திரட்டுவார். தேடும் காலத்துக்கான சம்பளம், பயணம், வக்கீல், ஆடிட்டர் செலவு முதல் கட்டம். நிறுவனம் ஒன்று உறுதியான பிறகு அதன் விலைக்கான பணம் இரண்டாம் கட்டம். அதே முதலீட்டாளர்களுக்கே அதில் பங்கு போடும் முதல் வாய்ப்பு கிடைக்கும்.

நம் ஊரில் பேக்கரியோ லேத் பட்டறையோ தேடுகிறவருக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. ஆனால் பணத்தை இரண்டாகப் பிரிக்கும் ஒழுங்கு தேவை. கடை அமையுமுன்பே பெரிய கடனை வாங்கி வைத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். வட்டி ஓடுகிறவருக்கு அவசரம் வந்துவிடும். அவசரப்படுகிறவர் வந்த கடையை வாங்குவார். எனவே தேடும் காலத்தில் செலவுக்கான சொந்தப் பணம் மட்டும் கையில் இருக்கட்டும். வங்கியிடம் எவ்வளவு கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள், கடனை எடுக்காதீர்கள். உறவினர் தருவதாகச் சொன்ன பணமும் அவரிடமே இருக்கட்டும்.

30 லட்சம் இருந்தால் எவ்வளவுக்குக் கடை?

ஓர் உதாரணம் போடுவோம். நடுத்தர ஊர் ஒன்றில் பேக்கரி வாங்க நினைப்பவரிடம் சொந்தப் பணம் 20 லட்சம், கிடைக்கக்கூடிய வங்கிக் கடன் 10 லட்சம். மொத்தம் 30 லட்சம். அந்தக் கடைக்கு மாத வாடகை 30,000, சம்பளம் 1,10,000, மின்சாரமும் கேஸும் 45,000, மூலப்பொருள் 1,90,000 என்று வைத்துக்கொள்வோம். விலையைப் பேசுமுன் கழிக்க வேண்டியவை இவை:

• தேடுதல், ஆடிட்டர், வக்கீல் கட்டணம்: 75,000

• குத்தகைப் பதிவு, உரிமங்கள், புரோக்கர் கமிஷன், சிறு பழுதுகள்: 1,75,000

• கட்டட அட்வான்ஸ், 10 மாத வாடகை: 3,00,000

• இரண்டு மாத வாடகை, சம்பளம், மின்சாரம், கேஸ்: 3,70,000

• ஒரு மாத மூலப்பொருள்: 1,90,000

• 10 லட்சத்துக்கு 12 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடன் என்றால், மாதம் சுமார் 22,250 வீதம் ஆறு மாதத் தவணை: ஏறத்தாழ 1,35,000

• வீட்டுச் செலவு மாதம் 35,000 வீதம் ஆறு மாதம்: 2,10,000

• எதிர்பாராத செலவு: 1,45,000

கூட்டினால் 16 லட்சம். ஆக, 30 லட்சம் வைத்திருப்பவர் 14 லட்சத்துக்குள்தான் கடை தேட வேண்டும். 25 லட்சம் விலை சொல்லும் கடையைப் பார்த்து ‘நம்மிடம் 30 இருக்கிறதே’ என்று இறங்குகிறவர், முதல் மாதமே வெளிக்கடனுக்குப் போவார்.

ஒரு மாத மூலப்பொருளைக் கையிருப்பாக ஏன் சேர்க்க வேண்டும்? பழைய முதலாளிக்கு மைதா மண்டிக்காரரும் டால்டா ஏஜென்சியும் 15 நாள், 20 நாள் கடன் கொடுத்திருப்பார்கள். அது அவருடைய முகத்துக்குக் கிடைத்த கடன். உரிமையாளர் மாறியதும் ‘முதலில் பணம், பிறகு சரக்கு’ என்பார்கள். இந்த ஒரு மாற்றமே பல புது முதலாளிகளைத் திணறடிக்கிறது.

ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் எண்கள் மாறும். கணக்குப் போடும் வரிசை மாறக் கூடாது. கையில் உள்ள மொத்தத்திலிருந்து செலவுகளைக் கழித்து விலைக்கு வாருங்கள். விலையிலிருந்து தொடங்காதீர்கள்.

விற்பவர் சொல்லும் லாபம்

அதே பேக்கரியில் மாத விற்பனை 5 லட்சம், செலவு 3,75,000, லாபம் 1,25,000 என்று விற்பவர் சொல்கிறார். அவர் பொய்யே சொல்லாவிட்டாலும் அது உங்கள் லாபம் ஆகாது. கல்லாவில் உட்காருவது அவர் மனைவி, பார்சல் கட்டுவது தம்பி. இருவருக்கும் சம்பளக் கணக்கு இல்லை. உங்களுக்கு அந்த இடத்தில் இரண்டு ஆள் வேண்டும்: 30,000. ஓவன், ஃப்ரீசர் பராமரிப்புக்கும் கழிவுக்கும் 15,000. உங்கள் வீட்டுச் செலவுக்கு எடுக்கும் சம்பளம் 35,000. மிஞ்சுவது 45,000. தவணை போக 22,750.

இப்போது விற்பனை 10 சதவீதம் மட்டும் குறைந்ததாக வையுங்கள். வரவில் 50,000 குறையும். மூலப்பொருளில் 19,000 மிச்சமாகும். வாடகையும் சம்பளமும் குறையாது. 31,000 இழப்பு. மாதம் 8,000 ரூபாய்க்கு மேல் கையைக் கடிக்கும். கை மாறும் கடையில் முதல் சில மாதம் இந்த அளவு சரிவு எதிர்பார்க்க வேண்டியதுதான். எனவே இந்தக் கடைக்கு 10 லட்சம் கடன் அதிகம். விலையைக் குறைத்துப் பேச வேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதியைப் பிறகு தருவதாக ஒப்பந்தம் செய்து கடனைச் சுருக்க வேண்டும்.

விற்பவர் சொல்லும் விற்பனையைச் சரிபார்க்கப் பல வழிகள் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால், படிவங்கள் ஒழுங்காகத் தாக்கல் ஆகின்றனவா என்று யாரும் பார்க்கலாம். 24 மாத ஜி.எஸ்.டி. படிவங்கள், வங்கிக் கணக்கு, யு.பி.ஐ. வரவு, வருமான வரிக் கணக்கு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். ‘பாதி விற்பனை கணக்கில் வராது’ என்று சொன்னால், கணக்கில் வராத விற்பனைக்கு விலை கொடுக்காதீர்கள். பேக்கரி என்றால் மாதம் எத்தனை மூட்டை மைதா இறங்குகிறது, எத்தனை 19 கிலோ கேஸ் சிலிண்டர் தீர்கிறது, மின்கட்டணம் எவ்வளவு என்று பில்களைப் பாருங்கள். வாய் என்ன சொன்னாலும் மைதா மூட்டை உண்மையைச் சொல்லிவிடும். ஒரு திங்கட்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் திறப்பதிலிருந்து மூடுவது வரை கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

பணத்தை எங்கிருந்து திரட்டுவது?

சொந்தச் சேமிப்பு முதலில். அதிலும் குடியிருக்கும் ஒரே வீட்டை ‘குட்வில்’ எனும் நற்பெயர்த் தொகைக்காக அடமானம் வைக்காதீர்கள். தொழில் படுத்தால் இயந்திரத்தை விற்றுக் கொஞ்சம் மீட்கலாம். குட்வில்லை விற்க முடியாது.

வங்கிகள் பெரும்பாலும் இயந்திரத்துக்கும் சரக்குக்கும் கடன் தரும், குட்வில்லுக்குத் தயங்கும். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் பிணையில்லாமல் 10 லட்சம் வரை கடன் பெற வழி உண்டு; 10 லட்சம் வரையிலான பிரிவில் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை. குறு, சிறு தொழில்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

மானியத்தைக் கணக்கில் சேர்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமும், தமிழக அரசின் ‘நீட்ஸ்’ திட்டமும் புதிதாகத் தொடங்கும் தொழில்களுக்கானவை. ஏற்கெனவே நடக்கும் கடையை வாங்க அந்த மானியம் கிடைக்காது. ‘வாங்கிக் கொடுக்கிறேன்’ என்று முன்பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள்.

உறவினர், நண்பர் பணம் என்றால் வங்கி வழியாக வாங்கி எழுதி வையுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது கடனா, பங்கா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கடன் என்றால் நஷ்டமானாலும் திருப்பித் தர வேண்டும். பங்கு என்றால் லாப நஷ்டம் இருவருக்கும் உண்டு. இதைப் பேசாமல் விட்டதால் எத்தனையோ குடும்பங்களில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஊரில் தெரிந்தவர்களிடமெல்லாம் ‘மாதம் இவ்வளவு தருகிறேன்’ என்று வசூலிப்பது இன்னும் ஆபத்து. 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் உங்கள் மேலேயே பாயலாம்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் பக்கம் போகவே வேண்டாம். தினசரி வட்டியைத் தாங்கும் லாபம் எந்தப் பேக்கரியிலும் இல்லை.

கூடவே வரும் பழைய பாக்கி

விலை பேசும்போது கண்ணில் படாத செலவு இதுதான். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 85-ஆம் பிரிவின்படி, தொழிலைக் கைமாற்றிய நாள் வரையிலான வரி, வட்டி, அபராதத்துக்கு விற்றவரும் வாங்கியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. பாக்கி பிறகு கண்டுபிடிக்கப்பட்டாலும் இது பொருந்தும். 2024-25 முதலான ஆண்டுகளுக்கு, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 42 மாதம் வரை நோட்டீஸ் வரலாம்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பாக்கிக்கும் புதிய உரிமையாளர் பொறுப்பு. அது நீங்கள் வாங்கிய சொத்தின் மதிப்பு வரை போகும். பழைய வேலையாட்களை அப்படியே தொடர்ந்தால் அவர்களின் பழைய பணிக்காலமும் உங்களிடம் வந்து சேரும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 18,000 வாங்கும் மாஸ்டர் 12 ஆண்டு பணிசெய்திருந்தால் அவருக்கான பணிக்கொடை மட்டும் சுமார் 1,24,600 ரூபாய். இது அவர்களுடைய உழைப்பின் கூலி, கொடுத்தே ஆக வேண்டும். அதனால் அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் நிறுவனத்தின் கடன், வழக்கு எல்லாம் அதனுடனேயே இருக்கும். தொழிலையோ சொத்துகளையோ மட்டும் வாங்கினால் சுமை குறையும். கூட்டு நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பங்குதாரர், சேருவதற்கு முந்தைய கடன்களுக்கு மூன்றாமவரிடம் பொறுப்பாக மாட்டார் என்கிறது 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம். மூன்றில் எது உங்களுக்கு ஏற்றது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இயந்திரமும் சரக்கும் வங்கியில் அடமானம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பழைய வாடகைதாரர் உரிமையாளருக்குத் தெரியாமல் உங்களை உள்ளே விட்டால், நாளை வெளியேற்றப்படுவது நீங்கள்தான். ஜி.எஸ்.டி. பதிவு விற்றவரின் பான் எண்ணோடு கட்டியது. கைமாறிய நாளிலிருந்து உங்கள் பெயரில் புதிய பதிவு எடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம், உள்ளாட்சி உரிமம், மின் இணைப்பு ஆகியவற்றையும் உங்கள் பெயருக்குக் கொண்டுவரும் வழியை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் உரிமைகள்

• விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கப் பேசலாம். 14 லட்சம் விலை என்றால் 1 லட்சம் அட்வான்ஸ், 9 லட்சம் கைமாறும் நாளில், 4 லட்சம் ஓர் ஆண்டு கழித்து என்று எழுதலாம். அதற்குள் பழைய பாக்கி எதுவும் தலைதூக்கினால் அதில் கழித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வரும் பாக்கிக்கும் விற்றவரே பொறுப்பு என்ற உறுதிமொழி தனியாக இருக்கட்டும்.

• விற்றவர் எதிர்க்கடை போடாமல் தடுக்கலாம். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் பொதுவாகச் செல்லாது. ஆனால் குட்வில்லை விற்றவருக்கு, நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று நிபந்தனை போட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இடம் தருகிறது. பகுதியைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

• தொழில் முழுவதும் நடக்கும் நிலையிலேயே கைமாறினால் அந்தக் கைமாற்றத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. இயந்திரம், சரக்கு என்று தனித்தனியாக பில் போட்டால் வரி உண்டு. பொறுப்புகளோடு சேர்த்துக் கைமாறும்போது, விற்பவர் பயன்படுத்தாத உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவத்தில் உங்களுக்கு மாற்றலாம்.

• கடன் தரும் வங்கியோ நிதி நிறுவனமோ, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டியைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையை உங்களுக்குத் தர வேண்டும். சிறு தொழில் கடன்களுக்கு 2024 அக்டோபர் முதல் இது கட்டாயம்.

• அட்வான்ஸ் ஒப்பந்தத்தில், ‘கேட்ட ஆவணங்கள் தராவிட்டாலோ, சொன்ன விற்பனை தவறாக இருந்தாலோ அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்’ என்ற வரியை எழுதச் சொல்லுங்கள்.

‘பாதிப் பணம் ரொக்கமாகக் கொடுங்கள், பத்திரத்தில் காட்ட வேண்டாம்’ என்றால் மறுத்துவிடுங்கள். காட்டாத பணத்துக்கு வங்கிக் கடன் கிடைக்காது. தகராறு வந்தால் அதைக் கொடுத்ததற்கு அத்தாட்சியும் இருக்காது.

ஏமாந்தால் எங்கே போவது?

பொய்க் கணக்கு காட்டி விற்றிருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கோரலாம், இழப்பீடும் கேட்கலாம். இதில் முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. விற்றவர் தவறான தகவல் தந்திருந்தாலும், உண்மையை மறைத்து மௌனமாக இருந்திருந்தாலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும் என்ற நிலை இருந்தால் அந்த ரத்து உரிமை போய்விடும். ஆவணங்களைச் சரிபார்ப்பது உங்கள் சட்ட உரிமையையும் காக்கிறது என்பது இதனால்தான். கேட்ட கேள்வி, வந்த பதில் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வைத்திருங்கள். இழப்பீட்டு வழக்குக்கு மூன்று ஆண்டுதான் கெடு. மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கு.

தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்ததாகத் தெரிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் காவல் நிலையத்தில் புகார் தரலாம். இணைய விளம்பரத்தை நம்பி முன்பணம் அனுப்பி ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ புகாருக்கு 30 நாளில் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், விவரங்களுக்கு 14448. கந்துவட்டிக் கொடுமைக்கு 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 எண்ணில் பேசலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

இத்தனை வழிகள் இருந்தாலும் போன பணம் திரும்பி வர ஆண்டுகள் ஆகும். அதனால் பாதுகாப்பை வாங்குமுன்பே தேடிக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, திரட்ட முடிந்த மொத்தத்தை மேலே எழுதுங்கள். மேலே சொன்ன செலவுகளை ஒவ்வொன்றாகக் கழியுங்கள். கடைசியில் மிஞ்சும் எண்தான் நீங்கள் கொடுக்கக்கூடிய விலை. அந்த எண்ணை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, அதன் பிறகு கடை தேடக் கிளம்புங்கள். எவ்வளவு நல்ல கடையாக இருந்தாலும் அந்த எண்ணைத் தாண்டினால் அது உங்களுக்கான கடை இல்லை.